ஒட்டுப்போர்வைக்கு முதலில் ஒரு சுவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெட்டுத்துணிகளைக் கொண்டு ஒட்டுப்போர்வை தைப்பது பற்றி வந்துகொண்டிருக்கும் தொடரை விடாமல் படித்து வருகிறோம். குவில்ட் என்று இப்போது பலரும் சொல்லும் இந்தப் போர்வைக்குத் துணி தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, கால் அங்குலம் விட்டுத் தைப்பது எல்லாமே தெளிவாகச் சொல்லப்பட்டன. தைத்த சதுரங்களைத் தரையில் பரப்பி அடுக்கிப் பார்த்துவிட்டு இணைக்கலாம் என்று ஒரே வரியில் கடந்துபோன இடம் மட்டும் எங்களுக்கு உறுத்தலாக இருக்கிறது. புதிதாகத் தைப்பவர்கள் சறுக்கும் இடமே அதுதான். ஆகவே அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம். கடிதம் நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

தரையில் அடுக்கும்போது நாம் நிற்பது போர்வையின் ஓர் ஓரத்தில். காலடியில் இருக்கும் சதுரம் முழுதாகத் தெரியும். ஆறடி தள்ளி இருப்பது சப்பையாகத் தெரியும். மேல் வரிசையின் நிறமும் கீழ் வரிசையின் நிறமும் ஒத்துப்போகின்றனவா என்று கண்ணால் ஒப்பிட முடியாது. அது போக, நம் வீடுகளில் கூடம்தான் சாப்பாட்டு இடம், இரவில் அதுவே படுக்கை. அடுக்கியதை ஒரு மணி நேரத்தில் அள்ளியாக வேண்டும். மின்விசிறியைப் போட்டால் துண்டுகள் பறக்கும். போடாவிட்டால் மே மாதத்தில் உட்கார முடியாது. குனிந்தே இருந்து முதுகு பிடித்துக்கொண்டதும், இருக்கிறபடி இருக்கட்டும் என்று எடுத்துத் தைத்துவிடுவார்கள்.

இதன் விளைவைக் காட்ட லாக் கேபின் என்னும் அமைப்பே போதும். அமெரிக்காவில் 1860களில் பரவலாகித் தைக்கப்பட்டது. இன்றும் முதல் போர்வைக்குப் பலர் எடுப்பது இதைத்தான். நடுவில் சிறு சதுரம், அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் துணி. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டால், கோட்டின் ஒரு பக்கம் முழுக்க வெளிர் நிறம், மறுபக்கம் முழுக்க அடர் நிறம். இப்படித் தைத்து முடித்த ஒவ்வொரு சதுரத்தையும் பிளாக் என்கிறோம். 36 பிளாக் தைத்து ஆறுக்கு ஆறாக அடுக்கும்போது, ஒவ்வொன்றையும் நான்கு விதமாகத் திருப்பி வைக்கலாம். திருப்புகிற விதத்தைப் பொறுத்து, அதே 36 பிளாக்கில் நடுவிலிருந்து விரியும் வைரமும் வரும், சாய்வான உழவுச்சாலும் வரும், வெயிலும் நிழலுமாகக் கட்டம் கட்டமாகவும் வரும். இதில் மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு பிளாக் மாறித் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்ட நின்று பார்த்தால் அதுவும் அழகாகத்தான் இருக்கும், குறை தெரியாது. எட்டடி தள்ளி நின்று நேராகப் பார்த்தால் உழவுச்சாலின் நடுவே ஒரு பல் உடைந்ததுபோல் பளிச்சென்று தெரியும். தைத்த பிறகு அதைக் கண்டுபிடித்தால், 12½ அங்குல பிளாக்கின் நான்கு பக்கமும் சேர்த்துக் குறைந்தது 50 அங்குலத் தையலைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது பருத்தித் துணியின் ஓரம் பிசிறிப் போகும். தையலுக்கு விட்ட கால் அங்குலத்திலும் கொஞ்சம் போய்விடும். மறுபடி தைத்தால் மூலைகள் ஒன்றோடொன்று சேராது.

ஆகவே அடுக்குவது செங்குத்தாக இருக்க வேண்டும், தள்ளி நின்று பார்க்க இடம் வேண்டும், சில நாட்களாவது கலையாமல் அப்படியே இருக்க வேண்டும். இந்த மூன்றுக்காகத்தான் டிசைன் சுவர் என்ற ஒன்றைக் குவில்ட் தைப்பவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். பொசுபொசுவென்ற ஒரு துணியை விரைப்பாகத் தொங்கவிட்டால் அதுதான் டிசைன் சுவர். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மடக்குச் சட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையே இல்லை.

எல்லா ஒட்டுப்போர்வைக்கும் இது தேவை என்று சொல்லமாட்டோம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டிப் போர்வைக்குச் சுவரே வேண்டாம். அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்துக் கையாலேயே தைத்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். அடுத்த துண்டு எது என்பதை அந்த நேரத்திலேயே கை முடிவு செய்கிறது. பிளாக்குகளைத் தனித்தனியாகத் தைத்துவிட்டுப் பிறகு கூட்டுகிற முறைக்குத்தான் நிறுத்திப் பார்க்கும் இடம் அவசியம்.

இனி துணி. குண்டூசி இல்லாமலே பிளாக் சுவரில் ஒட்டி நிற்பது எப்படி என்றால், ஃபிளானல் போன்ற துணிகளின் மேற்பரப்பில் சன்னமான நார்கள் எழும்பி நிற்கும். பருத்தித் துண்டை வைத்து உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டால், அந்த நார்களும் பருத்தியின் நூல்களும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பசை எதுவும் இல்லை, உராய்வு மட்டும்தான். அதனால் பட்டு, சாட்டின், பாலியஸ்டர் துண்டுகள் வழுக்கி விழும். பருத்தியிலும் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு மொடமொடவென்று இருப்பது சீக்கிரம் விழும். தையல் நிறைந்த கனமான பிளாக்கும் அப்படியே. 2½ அங்குலச் சதுரம் வாரக் கணக்கில் நிற்கும். 12½ அங்குல பிளாக்குக்கு மேல் ஓரத்தில் இரண்டு குண்டூசி தேவைப்படும்.

கடைக்குப் போகும்போது நான்கு அங்குலப் பருத்தித் துண்டு ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் துணியை நிமிர்த்திப் பிடித்து, அதன்மேல் துண்டை வைத்துத் தடவிவிட்டு இரண்டு முறை உதறுங்கள். விழாவிட்டால் வாங்கலாம். துணியின் பெயர் என்ன, விலை என்ன என்பதெல்லாம் அப்புறம்தான்.

பச்சைக் குழந்தைகளுக்கு வாங்கும் வெள்ளை ஃபிளானல் நன்றாக நிற்கும், எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் 36 அங்குல அகலம்தான், இரண்டு அகலங்களைச் சேர்க்க வேண்டும். பள்ளிக் கைவேலைக்கு விற்கும் ஃபெல்ட் துணி மீட்டர் கணக்கில் அகலமாகக் கிடைக்கும். கவ்வும் சக்தி அதிகம், ஆனால் நூல் பிசிறையும் அதே அளவு கவ்வும். குளிருக்குப் போர்த்தும் ஃபிளீஸ் போர்வை ஒற்றைக் கட்டில் அளவில், ஏறத்தாழ 60க்கு 90 அங்குலத்தில் கிடைக்கும். பூப்போட்டது வேண்டாம், வெளிர் நிறத்தில் ஒரே நிறமாக இருப்பதைத் தேடி எடுங்கள். தைக்கவே வேண்டியதில்லை என்பதால் எங்கள் ஓட்டு ஃபிளீஸுக்குத்தான். ஒரு குறை உண்டு, ஒரு திசையில் இழுபடும். இழுபடும் திசை கிடைமட்டமாக வரும்படி தொங்கவிட்டால் துணி கீழ்நோக்கித் தொய்யாது.

மேஜைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் உறையைத் திருப்பிப் போட்டுச் சுவராக்கும் வழியும் உண்டு. மீட்டர் கணக்கில் 54 அங்குல அகலத்தில் விற்கிறார்கள். பின்பக்கம் உண்மையிலேயே ஃபிளானல்போல் பொசுபொசுப்பாக இருந்தால் இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் பல உறைகளின் பின்பக்கம் காகிதம்போல் மொழுமொழுவென்றுதான் இருக்கிறது, அதில் ஒன்றும் நிற்காது. மடித்த கோடும் லேசில் போகாது. குண்டூசி குத்தினால் ஓட்டை ஓட்டைதான்.

துணியின் நிறம் வெள்ளை, சந்தனம், வெளிர் சாம்பல் இந்த மூன்றுக்குள் இருக்கட்டும். மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிசின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்தபோது, கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்களால்தான் கறுப்பு அப்படித் தெரிகிறது என்று கண்டார். 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். டிசைன் சுவருக்கும் இதே கதைதான். பச்சைத் துணியின்மேல் அடுக்கினால் உங்கள் சிவப்பு இருப்பதைவிடச் சிவப்பாகத் தெரியும். போர்வையாகத் தைத்துக் கட்டிலில் விரித்ததும் அந்தச் சிவப்பு அடங்கிப் போகும், ஏன் என்று புரியாது.

அளவில் பலரும் ஏமாறுவார்கள். போர்வை 60 அங்குலம் என்றால் சுவரும் 60 போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தைக்காத பிளாக்குகள் தையல் ஓரத்தையும் சேர்த்தல்லவா சுவரில் நிற்கின்றன? 12½ அங்குல பிளாக் ஐந்தை ஒட்டி ஒட்டி வைத்தால் 62½ அங்குலம் வரும், தைத்தபின் 60½. இது பெரிய வித்தியாசமில்லை. 2½ அங்குலச் சதுரம் இருபதை வரிசையாக வைத்தால் 50 அங்குலம் பிடிக்கும். தைத்தபின் 40½ தான். துண்டு சிறுத்தால் சுவர் பெருக்க வேண்டும். ஆறடிக்கு ஆறடி இருந்தால் பெரும்பாலான போர்வைக்குச் சரி. இடமில்லாதவர்கள் நான்கடிக்கு ஆறடியில் போர்வையைப் பாதி பாதியாக அடுக்கலாம். முதல் பாதியை எடுக்கும் முன் அதன் கடைசி வரிசையை மட்டும் விட்டுவைத்து, அங்கிருந்து இரண்டாம் பாதியைத் தொடருங்கள். அப்போதுதான் சேரும் இடத்தில் ஒரே துணி இரண்டு பக்கத்திலும் வந்து முட்டாது.

வாடகை வீட்டுக்கு ஏற்றது சுருட்டி வைக்கும் வகை. 36 அங்குல ஃபிளானல் நாலரை மீட்டர் வாங்கி, ஒருமுறை தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். முதல் அலசலில் சுருங்கும். கஞ்சியும் வேண்டாம், துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், இரண்டுமே நாரைப் படியவைத்துவிடும். சரிபாதியாக வெட்டி, கரையோடு கரையை அரை அங்குலம் ஏற்றிவைத்து இரண்டு வரி தையுங்கள். சாதாரணத் தையல்போல் பின்னால் மடித்து விட்டால் நடுவில் மேடு கட்டும், பிளாக் அங்கே படியாது. சுவரின் நடுக்கோடாகவும் இந்தத் தையல் பயன்படும். மேலும் கீழும் மூன்று அங்குலம் மடித்துத் தைத்தால் முக்கால் அங்குல பிவிசி குழாய் தாராளமாக நுழையும். முடிவில் அகலம் ஆறடிக்குச் சற்றுக் குறைவாகவும், உயரம் ஏறத்தாழ ஆறரை அடியாகவும் நிற்கும்.

குழாய் இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு. ஹார்டுவேர் கடையிலேயே அறுத்துத் தருவார்கள். மேல்குழாயை இரண்டு முனையில் மட்டும் தொங்கவிட்டால் நடுவில் வளையும், துணியில் அலை விழும். நடுவில் இன்னொரு கயிறும் கட்டுங்கள். கீழ்க்குழாயில் உலர்ந்த மணலை நிரப்பி இரண்டு முனையையும் மூடி போட்டு அடைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கனம் கிடைக்கும். அந்தக் கனம்தான் துணியை விரைப்பாக இழுத்துப் பிடிக்கும், மின்விசிறிக் காற்றில் ஆடாமல் வைக்கும். ஈர மணலைப் போடாதீர்கள். மூடி வழியாகக் கசிந்து துணியில் கறை பிடிக்கும்.

எங்கே மாட்டுவது? பரணின் கீழே பல வீடுகளில் கொக்கி இருக்கும். கதவுக்கு மேலுள்ள வெண்டிலேட்டர் கம்பியிலும் இரும்புக் கொக்கி போட்டுத் தொங்கவிடலாம். இரட்டைப் பக்க ஒட்டுநாடாவை நம்ப வேண்டாம். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடித்த சுவரில் அது சுவரைப் பிடிக்காது, மேலே உள்ள பொடியைத்தான் பிடிக்கும். நடுராத்திரியில் எல்லாம் சேர்ந்து கீழே வரும். சன்னல் திரைக்கம்பி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதே என்று அதில் மாட்டத் தோன்றும். பகலில் வெளிச்சம் துணிக்குப் பின்னாலிருந்து வரும்போது பிளாக்குகள் எல்லாம் கறுத்துத் தெரியும், நிறம் பார்க்கவே முடியாது. இரவு வேலைக்கு மட்டும் அது சரி. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் ஒட்டினாற்போல் தொங்கவிடாதீர்கள், பூஞ்சைப் புள்ளி துணியிலிருந்து பிளாக்குக்கும் ஏறும்.

சொந்தமாக ஒரு மூலை இருப்பவர்களுக்குத் தெர்மாகோல் பலகை வசதி. குண்டூசி நேராக இறங்கும். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் தாள் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் இருக்கும். 25 மில்லிமீட்டர் கனத்தில் ஆறு வாங்குங்கள். அதைவிட மெல்லியதில் ஊசி பின்பக்கம் வந்துவிடும், பலகையும் வளையும். இரண்டிரண்டாக முனையோடு முனை சேர்த்து இரண்டு பக்கமும் இரண்டு அங்குலப் பழுப்பு டேப் ஒட்டினால், அரை மீட்டர் அகலத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் மூன்று பலகை கிடைக்கும். பக்கத்தில் பக்கமாக நிறுத்தினால் ஒன்றரை மீட்டர் அகலச் சுவர். வேலை முடிந்ததும் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பீரோவுக்குப் பின்னால் செருகிவிடலாம்.

சேர்த்த இடம் மடங்காமல் இருக்கப் பின்பக்கத்தில் பலம் கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஃபெவிகால் தடவி ஒட்டலாம். தெர்மாகோல் ஈரத்தை உறிஞ்சாது, அட்டை வழியாக மட்டுமே பசை உலர வேண்டும். ஆகவே ஓர் இரவு முழுக்கப் பாரம் வைத்துப் படுக்கப்போடுங்கள். செருப்புக்கும் மைக்காவுக்கும் தடவும் ரப்பர் பசையைத் தொடவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்று குழி குழியாக்கிவிடும். பல ஸ்பிரே பசைகளும் இதையே செய்யும். பலகைக்கு நிரந்தர இடம் இருந்தால் அட்டைக்குப் பதிலாக ஒன்றுக்கு இரண்டு அங்குல ரீப்பர் கட்டை இரண்டை நீளவாக்கில் கொடுப்பது இன்னும் உறுதி.

தாளை வெட்ட வேண்டியிருந்தால் துணியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வெட்டும்போது உதிரும் குண்டுமணிகள் நிலைமின்சாரத்தால் ஃபிளானலில் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டிவரும். வாசலில் வைத்து, புது பிளேடால், அறுக்காமல் நீளமாக இழுத்து வெட்டி, ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

துணி போர்த்துவதற்கு 36 அங்குல ஃபிளானல் ஒரு பலகைக்கு இரண்டேகால் மீட்டர். மூன்றுக்கும் ஆறே முக்கால் மீட்டர். அலசியபின் சுருங்கும் அளவையும் சேர்த்து ஏழே கால் மீட்டராக வாங்குவது நல்லது. ஃபிளீஸ் போர்வை ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு பலகைக்கு வரும். பின்பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டர் மடித்து, குண்டூசியைச் சாய்வாகக் குத்தி, மேலே டேப் ஒட்டினால் போதும். முன்பக்கத்தில் பசை போட்டு ஒட்டவேண்டாம், பசை ஊறிய இடத்தில் நார் விறைத்துப் பிளாக் நிற்காது. துவைக்கக் கழற்றவும் முடியாது. துணியை இழுத்து இறுக்கவும் கூடாது, பலகை வில்லாக வளைந்துவிடும்.

தெர்மாகோலைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. அது சட்டென்று தீப்பிடிக்கும். பூஜை விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு இருக்கும் பக்கம் அந்தப் பலகை வரவே கூடாது. அதன்மேல் வைத்து இஸ்திரி போடுவதும் ஆபத்து: தெர்மாகோல் ஏறத்தாழ 100 டிகிரியிலேயே இளகும், பருத்திக்கு வைக்கும் இஸ்திரிப் பெட்டியின் சூடு அதற்கு இரட்டிப்பு. இன்னொன்று, உடைந்தால் அதை எங்கே போடுவது என்ற கேள்வி. தெர்மாகோல் தட்டும் குவளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. தாளும் மண்ணில் மக்காத அதே பொருள்தான். ஆகவே டிவி, ஃபிரிட்ஜ் பெட்டியோடு வந்த பழைய தாள்கள் இருந்தால் முதலில் அதை எடுங்கள். உடைந்த துண்டுகளாக இருந்தாலும் டேப் ஒட்டித் துணி போர்த்திவிட்டால் வெளியே தெரியாது. அறிவிப்புப் பலகைக்குப் போடும் சாஃப்ட் போர்டும் நல்ல பொருள்தான், ஊசியை நன்றாகப் பிடிக்கும். கனமும் விலையும் அதிகம்.

சுவர் தயாரானதும் அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். கீழ் ஓரம் தரையிலிருந்து ஓரடியாவது மேலே இருக்கட்டும். எட்டடி தள்ளி நிற்க இடமில்லையா? கண்ணாடி வைத்த பீரோவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். சுவருக்கு அருகில் நின்றுகொண்டே பீரோக் கண்ணாடியில் பார்த்தால், நமக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரமும் கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரமும் கூடி, எட்டடி அறையிலும் பதினைந்தடி தள்ளி நின்று பார்ப்பதுபோல் போர்வை முழுதாகத் தெரியும். இடவலம் மாறித் தெரிவதுகூட நல்லதுதான், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோளாறு அப்போது பிடிபடும். வாசற்கதவில் பொருத்தும் சிறு லென்ஸை ஹார்டுவேர் கடையில் வாங்கி, வெளியிலிருந்து உள்ளே பார்ப்பதுபோல் திருப்பிப் பிடித்துப் பார்ப்பதும் இதே வேலையைச் செய்யும்.

வெளிச்சம் காலை பத்து மணி வெளிச்சமாக இருந்தால் உத்தமம். இரவில் பார்ப்பதானால் எல்இடி பல்பின் பெட்டியில் 6500கே என்று போட்டிருப்பதும் 3000கே என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல. 3000கே மஞ்சளாக எரியும். அதில் சந்தன நிறமும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும், நீலம் மங்கும். இரவில் முடிவெடுத்து அப்படியே தைக்க உட்காராமல், மறுநாள் பகலில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தையுங்கள். நேர் வெயில் படும் சுவரில் நாட்கணக்கில் விட்டால் நிறம் வெளுக்கும். இரவில் பழைய வேட்டி ஒன்றை மேலே போர்த்திவிடுவது நல்ல பழக்கம். பல்லி எச்சம் வெளிர் துணியில் விழுந்தால் கறை போவது கடினம்.

நிறத்தைவிட முக்கியம் அடர்த்தி. அரக்கும் கரும்பச்சையும் பட்டுப்புடவையில் எடுப்பாக இருக்கும், கண்ணுக்கு வெவ்வேறு நிறம். சுவரில் பக்கத்தில் பக்கமாக வைத்து கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கரிய திட்டாகிவிடும். லாக் கேபினில் வெளிர் பக்கத்துக்கு ஒன்றையும் அடர் பக்கத்துக்கு இன்னொன்றையும் போட்டிருந்தால் உழவுச்சாலே தெரியாது. அதனால் முதலில் எல்லாத் துண்டுகளையும் சுவரில் ஒரு பக்கம் வெளிரிலிருந்து அடர்வரை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, பிறகு அடுக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படம் எடுங்கள். பத்தாவது அடுக்கலுக்குப் பிறகு மூன்றாவதுதான் நன்றாக இருந்தது என்று தோன்றுவது எல்லோருக்கும் நடக்கும். படம் இருந்தால் திரும்பப் போகலாம்.

குண்டூசியை நேராகக் குத்தாமல் தலை மேலும் முனை கீழும் இருக்கும்படி சாய்த்துக் குத்தினால் பிளாக்கின் கனமே ஊசியை இருத்தும். தொங்கும் துணிச்சுவரில் பின்னால் வெறும் சுவர் என்பதால், ஊசியைக் கிடைமட்டமாக நுழைத்து வெளியே எடுக்க வேண்டும். கடலோர ஊர்களில் மலிவான குண்டூசி ஒரே வாரத்தில் துருப்பிடித்துத் துணியில் பழுப்பு வளையம் விடும். அங்கே துருப்பிடிக்காத ஊசி வாங்குவது ஒன்றுதான் வழி. அந்தச் செலவை மட்டும் குறைக்க வேண்டாம்.

அடுக்கி முடித்ததும் அப்படியே அள்ளித் தையல் இயந்திரத்துக்கு எடுத்துப் போனால் பாடுபட்டதெல்லாம் வீண். ஒவ்வொரு பிளாக்கின் மேல் இடது மூலையிலும் சிறு காகிதம் குத்தி, வரிசை எண்ணையும் இட எண்ணையும் எழுதுங்கள்: 3-4 என்றால் மூன்றாம் வரிசையில் நான்காவது. எப்போதும் அதே மூலையில் குத்தினால் பிளாக் திரும்பிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். பிறகு முதல் இரண்டு நெடுவரிசையை மட்டும் எடுத்து, ஜோடி ஜோடியாக, நடுவில் நூலை அறுக்காமல் மேலிருந்து கீழாகத் தைத்துப் போங்கள். நூல் பிணைப்பால் அவை ஏணிபோல் வரிசை மாறாமல் தொங்கும். அதைத் திரும்பச் சுவரில் நிறுத்திச் சரிபார்த்துவிட்டு மூன்றாவது நெடுவரிசையைச் சேருங்கள்.

சுருட்டும் வகையில் வேலையைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தால், மேலே வேட்டியைப் பரப்பி கீழ்க்குழாயிலிருந்து தளர்வாகச் சுருட்டி நிமிர்த்தி வைக்கலாம். விரிக்கும்போது பிளாக்குகள் போட்ட இடத்திலேயே இருக்கும். சுவரில் சேரும் நூல் பிசிறைத் துணி பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை எடுங்கள். பிசிறு மூடிய இடத்தில் முதலில் பிடிப்பு போகும்; பிளாக் விழத் தொடங்கினால் துணி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குவார்கள், பிரஷ்ஷால் மேல்நோக்கி வாரிவிட்டாலே மறுபடி பிடிக்கும்.

தையல் பயிற்சி நடத்துகிறவர்களிடமும் தங்கள் இதழ் வழியாக ஒரு விண்ணப்பம். இயந்திரங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் ஆறடிச் சுவர் ஒன்றை ஃபிளானல் போட்டு விட்டுவையுங்கள். சுடிதார் வெட்டும்போதும் கரை எங்கே வருகிறது, பூ தலைகீழாக வருகிறதா என்று நிறுத்திப் பார்க்க அது உதவும். தங்கள் தொடரின் அடுத்த பகுதியில் அடுக்கிய போர்வையின் படம் வருமானால், தரையில் விரித்த படமாக இல்லாமல் சுவரில் நிற்கும் படமாக, நேர் எதிரே எட்டடி தள்ளி நின்று எடுத்ததாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒட்டுப்போர்வை தைப்பவர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.